இடப்பக்கம் சாயும் தையல்

மத்தியானமே மழை இருட்டு கட்டியிருந்ததால், பாதி தைத்த போர்வையை ஜன்னலோரமாகத் தூக்கிப் பிடித்தாள். நேற்று தைத்த நாலு துண்டுகளில் தையல் இடப்பக்கம் சாய்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் வலதுகைக்காரி. அவள் ஊசி போட்டால் ஒவ்வொரு தையலும் வலப்பக்கம்தான் சாயும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். சே, ஏதோ ஞாபகத்தில் தைத்துத் தொலைத்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு நாலையும் பிரித்து மறுபடி தைத்தாள்.

போர்வை கணவரின் மகளுக்கு. ஆறு வயது, வீட்டில் பெயரே வாலு. அவள் கல்யாணமாகி வந்து எட்டு மாதம் ஆகியும், அவளைக் கூப்பிட வேண்டுமானால் வாலு கதவைத் தட்டும், டம்ளரை உருட்டும், வேறு வழியே இல்லையென்றால் "சித்தி" என்னும். செத்துப்போன அம்மாவின் துணிப்பெட்டிக்குள் தலையை விட்டபடியே தூங்கிப்போகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் "உங்கம்மா துணியிலயே உனக்கொரு போர்வை தைக்கட்டுமாடி?" என்று வாயைக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை, தூக்கத்திலாவது, தன்னைப் பார்த்து அம்மா என்று சொல்லிவிடாதா என்ற நப்பாசை.

மாதிரி எதுவும் வரையவில்லை, அளவும் எடுக்கவில்லை. ஒரு பொடிசுக்குப் போர்வை, அதற்கு எதற்கு கோடும் கணக்கும், கை போகிற போக்கில் போகட்டும் என்று துண்டுகளைத் தரையில் பரப்பினாள். பூப்போட்ட நைட்டிக்குப் பக்கத்தில் கோடுபோட்ட சட்டை, அதற்கடுத்து நீலத் துப்பட்டா; பிடிக்காவிட்டால் இடம் மாற்றுவாள். மேல்துணியும் அடித்துணியும் மூன்று பக்கம் மூடியாகிவிட்டது. பஞ்சு திணிப்பதற்காக நாலாவது பக்கம் மட்டும் பெரிய பை மாதிரி வாயைத் திறந்து கிடந்தது. வாலு கெஞ்சியதால் எதையும் துவைக்கவில்லை. சோப்பு, தைலம், அவற்றுக்கடியில் நாள்பட்ட நோயாளியின் படுக்கை நெடி, மூன்றும் மழை ஈரத்தில் கனத்துக்கொண்டே வந்தன.

அந்தத் துணிப்பெட்டியில் ஒரு கத்திரியும் இருந்தது. அவள் கையில் அது வெட்டவே இல்லை, துணியை மடித்தது.

"அது இடது கைக்குன்னே செஞ்சது, அவ இடதுகைக்காரி," என்றார் கணவர். "நூலுக்கெல்லாம் அவளுக்குக் கத்திரியே வேண்டாம். பல்லாலயே கடிச்சிடுவா." சிரித்தார். சிரித்ததற்காக முகம் சுண்டி எழுந்து போனார். அவள் அந்தக் கத்திரியை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, மழைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நடுவில், ஆளில்லாத அறையிலிருந்து துணிக்குள் நூல் இழுபடும் 'சர்ர்' என்ற சத்தம் நிதானமாக, விட்டுவிட்டுக் கேட்டது. குழாயை மூடினாள். நின்றுவிட்டது.

மறுநாள் மூன்று மணி. பிரித்துத் தைத்த நாலும் மறுபடி இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நாலா? எண்ணினாள். பதினொன்று. அவளுடைய கத்திரியைக் காணோம். அந்த இடத்தில் மேல்தட்டுக் கத்திரி கிடந்தது.

"வாலு, இத நீயா எடுத்தே?"

சுவரோரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த வாலு நிமிரவில்லை. "எனக்கு எட்டாதே."

"அப்ப யாருடி?"

"அகலம் பத்தலைன்னு சொன்னாங்கல்ல, அவங்கதான்."

"அகலம் எதுக்கு?"

"ரெண்டு பேரு படுக்கணும்ல," என்றது, இதுகூடத் தெரியாதா என்பது போல.

அவள் போர்வையை விரித்தாள். சின்னப் பிள்ளைக்கென்று ஆரம்பித்தது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கிடந்தது. அட பாவி, அளவு எடுத்திருந்தால்தானே வளர்ந்தது தெரியும்!

கூடத்துக்கு ஓடிக் கணவருக்கு போன் அடித்தாள். "என்னங்க, உடனே வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க, வாங்க."

அரை நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது சுவரோரம் பஞ்சு மட்டும் இருந்தது.

போர்வையின் நடுவே ஒரு சின்ன மேடு. உள்ளிருந்து கிளுகிளுவென்று சிரிப்பு.

"வாலு, விளையாடாத. வெளிய வா கண்ணு."

மேடு அசைந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு மேடு, நீளமாக, ஒருக்களித்துத் திரும்பியது.

திறந்திருந்த பக்கத்தின் மூலையில் ஊசிமுனை எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. வந்தது. போனது. சர்ர். இடப்பக்கம் சாய்ந்து ஒரு தையல். இன்னொன்று.

பாய்ந்து விளிம்பைப் பிடித்தாள். ஊசி அவள் விரலைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. கத்திரியை எடுத்தாள். மடித்தது. வெட்டவில்லை. இடது கைக்கு மாற்றினாள். பழகாத கை. நழுவியது.

இன்னும் ஒரு சாண்தான். அந்த இடைவெளியில் வாலுவின் விரல்கள் தெரிந்தன. பிடித்துவிட்டாள். சூடான, பஞ்சு ஒட்டிய விரல்கள்.

"அம்மா," என்றது வாலு.

எட்டு மாதம் ஏங்கிய சொல். அந்தப் பயத்திலும் அவளுக்குக் கண் நிறைந்தது. "இங்கதான்டா இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்..."

"அம்மா," என்றது மறுபடி, உள்பக்கமாகத் திரும்பி. "சித்தி கைய விட மாட்டேங்கிறாங்க."

விரல்கள் வெடுக்கென்று உருவப்பட்டன. கடைசித் தையல் இறுகியது. இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று அணைத்து அடங்கின.

பிறகு, உள்ளே, நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம்.