செவித்துணை

"அப்பா, லிஃப்ட்டுல வரட்டுங்களா, படியிலங்களா?"

மூன்றாம் மாடியில், அறுவை அரங்கின் வாசலில் தள்ளுகட்டிலில் மல்லாந்து கிடந்த இளம்பரிதியின் காதுக்குள் மகள் வதனி கேட்டாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு.

"லிஃப்ட்டுல வா கண்ணு."

உளுந்து அளவு கருவி அது. செவித்துணை என்று பெயர். ஒன்று பிள்ளையின் காதில், அதன் இணை பெற்றவரின் காதில். பிள்ளை பார்ப்பது பெற்றவரின் மூக்குக்கண்ணாடியில் தெரியும். பெற்றவர் சொல்வது பிள்ளைக்குக் கேட்கும். மனைவியைச் சாலை விபத்தில் பறிகொடுத்த இளம்பரிதிக்கு அப்போது அது தெய்வம் கொடுத்த வரமாகத் தெரிந்தது. தவழும் வயதிலேயே வதனிக்குப் பொருத்திவிட்டார். விழாமலே நடக்கக் கற்ற தலைமுறை என்று ஊரே பெருமைப்பட்டது. வதனியின் முழங்காலில் ஒரு தழும்புகூடக் கிடையாது.

பதினெட்டு வயதில் கழற்றியிருக்கலாம். படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று அவரே தள்ளிப்போட்டார். இப்போது எந்தச் சுடிதார் என்பதில் தொடங்கி, மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை எல்லாம் அவர் காதுக்குத்தான் வருகிறது. கண் அசந்தால் போதும், "அப்பா" என்று கூப்பிடுவாள். அவர் இதயம் களைத்துப்போனதற்கு டாக்டர்கள் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. பேசக்கூட அலுப்பாக இருந்தது.

வதனி லிஃப்ட்டிலிருந்து இறங்கிக் கட்டிலருகே வந்து நின்றாள்.

"கொஞ்ச நேரம் அப்பா பேச மாட்டேன் சாமி. இங்கயே உக்காந்திரு."

"உக்காந்துட்டு என்னங்கப்பா பண்றது?"

அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸ் செவித்துணையைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டாள்.

மறுநாள் கண்விழித்ததும் அதை மறுபடி மாட்டிவிட்டார்கள். அவர் இல்லாதபோது வதனி பேசியதெல்லாம் அதில் தேங்கியிருந்தது.

"அப்பா, டாக்டர் வந்திருக்காருங்க. ரத்தக்குழாய் அடைப்போட இதய வால்வும் கெட்டிருக்குதாமா. இப்பவே மாத்தீரலாமான்னு கேக்கறாரு. என்னங்க சொல்லட்டும்?"

"அப்பா, நேரமில்லைங்கறாருங்க."

"கேக்குதுங்களாப்பா?"

அதற்குப் பிறகு அழுகைச் சத்தம் மட்டும்தான்.

அறுவை செய்த டாக்டர் நிமலன் கட்டிலருகே வந்தார். முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். "உங்க பொண்ணு சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அடைப்பை மட்டும் சரிபண்ணி மூடிட்டோம். இப்ப மறுபடி திறந்து வால்வை மாத்தலாம். இல்லன்னா மருந்துலயே ஓட்டிப் பாக்கலாம். ரெண்டுலயும் ஆபத்து இருக்கு. இன்னைக்குள்ள முடிவு தெரியணும்."

வதனி அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளம்பரிதிக்கு வால்வைப் பற்றிய கவலை அப்போது பெரிதாக இல்லை. தான் போய்விட்டால் இந்தப் பெண்ணின் கேள்விகளெல்லாம் எங்கே போய் விழும் என்ற பயம்தான் நெஞ்சை அழுத்தியது. தன் காதிலிருந்த செவித்துணையைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தார்.

"நீயே சொல்லு கண்ணு. எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

"தப்பாப் போயிருச்சுன்னாங்கப்பா?"

"போனாப் போகுது."

அவள் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பைப் பிடிப்பதுபோலத் துப்பட்டாவைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தாள். கருவி போர்வைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுத்து நீட்டவில்லை. பிறகு டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், இது உங்க அப்பாவா இருந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

இளம்பரிதிக்குக் கண் நிறைந்தது. நல்ல கேள்வி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே கேட்ட கேள்வி.

நிமலன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு வியர்த்தது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று ஜன்னலோரம் ஒதுங்கி, காதோர முடியை விலக்கி விரலால் அழுத்தினார். "அம்மா, தூங்கறீங்களா? ஒண்ணு கேக்கணும்."