தூங்கினால் எழுப்ப மாட்டோம்

"சார்... பெல்ட் போட்டிருக்கீங்களா?"

கழுத்துவரை போர்வை. கண்ணை மூடியபடியே சிரிக்கிறான், பாருங்கள்! விமானப் பணிப்பெண் ஷோபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டில்லியில் கிளம்பியபோது அன்பாகத்தான் சொன்னாள். "போர்வைக்கு மேல பெல்ட் போட்டுக்கோங்க சார். வெளிய தெரிஞ்சா, தூங்கினாக்கூட எழுப்ப மாட்டோம்." அவனும் சமர்த்தாக மேலே போட்டான். இப்போது மறுபடி போர்வைதான் மேலே!

ஜன்னலில் மின்னல். பெங்களூர் நெருங்குகிறது... பணிப்பெண்களும் உட்காரச் சொல்லி கேப்டன் உத்தரவு போட்டாயிற்று. போன மாதம் இப்படித்தான் ஒருவன் பெல்ட் போடாமல் வம்பு பண்ண, அவனிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற சக பணிப்பெண் அல்போன்சா விழுந்து, தோள் எலும்பு முறிந்து அல்சூர் வீட்டில் கிடக்கிறாள். ஷோபாவும் போய் உட்காரலாம்தான். ஆனால் இவன் தலை கூரையில் மோதினால்? ஐயோ... நினைக்கவே முடியவில்லை.

"ப்ளீஸ் சார், சொல்ப... கொஞ்சம் போர்வையை எடுத்துக் காட்டுங்க. தமாஷ் பண்ற நேரமா இது?"

அவன் கண் திறந்தான். மழைக்கு முன்னால் வானம் இருட்டுமே, அப்படி ஒரு கருமை...

சட்டென்று விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல் கீழே இறங்கியது. ஷோபாவின் கால் தரையில் இல்லை! ஒரு கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, பக்கத்துக் காலி இருக்கையில் இழுத்து உட்காரவைத்தது. போர்வை நழுவியது. அவன் இடுப்பில் பெல்ட்... கச்சிதமாக!

"போட்டுக்கிட்டேவா மறைச்சீங்க?" அவசரமாகத் தன் பெல்ட்டை மாட்டினாள். "உங்களாலதானே நான் நின்னேன்! விழுந்திருந்தா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "தப்புதாங்க..."

அப்புறம் அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

பெங்களூர் எச்.ஏ.எல். ஏர்போர்ட்டில் நல்ல மழை. சக்கரம் தரையைத் தொட்டதுமே வழக்கம்போல ஆளாளுக்கு எழுந்து பெட்டியை இழுத்தார்கள். அவன் மட்டும் எழவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகும், போர்வைக்கு மேல் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"இறங்கலையா சார்?" குரலில் கோபம் இருந்தது... கொஞ்சம்தான்.

"என் பேரு சுந்தரமூர்த்திங்க. எலெக்ட்ரானிக் சிட்டில வேலை." "பெல்ட்டு தெரிஞ்சா எழுப்ப மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க... எனக்கு நீங்க மறுபடி வரணும்னு இருந்துச்சு. பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு. ஆனா நீங்க விழப்போனப்போ எனக்கு உயிரே போயிடுச்சுங்க. இனிமே சத்தியமா மறைக்க மாட்டேன்."

மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. ஷோபா அதைத் தடவிக்கொண்டாள். பாழாய்ப்போன சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

"மேலயே போடுங்க..." என்றாள், அவன் கண்ணைப் பார்க்காமல். "தூங்கினாலும் வந்து எழுப்பறேன்."