ஒன்பதாம் மாடியில் ஒரு தலை அதிகம்

ஒன்பதாம் மாடியின் கடைசி அறைக்குள் ஹோட்டல் எலக்ட்ரீஷியன் நுழைந்தபோது பட்டப்பகல். திரைச்சீலை தானாக விலகியது. விளக்குகள் எரிந்தன.

"வணக்கம். உங்கள் இருவருக்கும் குளிர் போதுமா?" என்று கூரையிலிருந்து பவ்யமான ஆண் குரல் கேட்டது.

அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

இதுதான் புகாரே. உள்ளே எத்தனை பேர் என்பதைச் சுவரிலுள்ள கருவி மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கும். ஆள் இருந்தால் அறை சொன்ன பேச்சைக் கேட்கும்; இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்துக் கதவைப் பூட்டிக்கொள்ளும். சில வாரங்களாக இந்த அறை மட்டும் ஒரு தலை கூட்டியே சொன்னது. தனியாகத் தங்க வந்தவர்கள் பெட்டியைக்கூட மூடாமல் ஓடினார்கள்.

போன மாதம், அறை சுத்தம் செய்யும் அம்மாள் இந்தக் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். கருவி அப்போது சரியாகத்தான் 'ஒருவர்' என்று காட்டியது. விருந்தினர் காலி செய்துவிட்ட அறையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கீழே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடியே அந்தக் கணக்கை அழித்த மகராசன் இவர்தான். மாடியேறிப் பார்க்க உடம்பு வணங்கவில்லை. அறை பூட்டிக்கொண்டது. அவள் பிணமாகத்தான் வெளியே வந்தாள். கருவி எதையும் காட்டவில்லை என்று இவர் சத்தியம் செய்தார், வேலை தப்பியது. அன்றிரவு நன்றாகவே தூங்கினார்.

கீழே கண்ட்ரோல் ரூமில் இருந்த மச்சினனுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு பேர்னு காட்டுதாடா?"

"ஆமா அத்தான். கூட யாராச்சும் இருக்காங்களா?"

"உங்க அக்கா இருக்கா. ஒண்ண அழிச்சு விடுடா."

"இதுல எது நீங்கன்னு தெரியலையே."

"எதையாச்சும் அழி. கணக்கு சரியானா போதும்."

அழித்தான்.

போன் செத்தது. யாரோ கேட்டுக்கொண்டதுபோல விளக்குகள் அணைந்தன. திரைச்சீலை மூடிக்கொண்டது.

"கதவைத் திற," என்றார்.

கைப்பிடி அசையவில்லை.

குளியலறையில் ஈரத் துணி இழுபடுவதுபோல ஒரு சத்தம். பினாயில் வாடை மெல்ல நெருங்கி வந்தது.

"தொறக்காத."

"சரிங்க அம்மா," என்றது அறை.

காற்று பனியாய் இறங்கியது. எவ்வளவு நேரம் கதவை அறைந்தாரோ தெரியாது, விரல்கள் மரத்துவிட்டன. அப்போது வாசலில் நிற்பவரைக் காட்டும் கதவோரத் திரையில் மச்சினன் முகம் தெரிந்தது. பிழைத்தோம் என்று அழுதே விட்டார்.

"அத்தான், உள்ளயா இருக்கீங்க?"

"தொறடா! மாஸ்டர் கார்டு இருக்குல்ல, தொறடா!"

உள்ளே பேசுவது வெளியே கேட்க அறை மனது வைக்க வேண்டும். அறை அவரை ஆளாகவே மதிக்கவில்லை. வாசலில் சிவப்பு விளக்கை ஏற்றி, "அம்மா ஓய்வெடுக்கிறார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம்," என்றது.

சிவப்பு விளக்கு எரியும் கதவைத் தொட்டால் அந்த ஹோட்டலில் அன்றே சீட்டு கிழியும். மச்சினன் கையிலெடுத்த கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"சாரிங்க மேடம். ஆள் வந்தது தெரியாது," என்று குனிந்து சொல்லிவிட்டு நடந்தான். திரையில் அவன் முதுகு சிறிதாகி மறைந்தது.

"அம்மா, குளிரை இன்னும் கூட்டட்டுமா?"

பதில் அவர் காதோரத்தில் கேட்டது.

"கூட்டு. இங்க என்னத் தவிர யாரும் இல்ல."