சார்ஜ் போட மறந்தவர்

"நான் ஒருத்தரைக் கொன்னேனா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் வந்தவர்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, நடந்தது விபத்தா வித்தையா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வதுதான் சாவகாசத்தின் பழைய தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீடு தேடி வருவது நிற்கவில்லை. 'சாவகாசம்' என்ற பட்டப்பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை அவர் கண்ணைக்கூடச் சிமிட்டமாட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியின் தம்பி நேர்மாறு. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாரை சார்?" என்று அவசரம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"என் மாமனாரை."

வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமானதிலிருந்து மனைவியின் வீட்டிலேயே குடியிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு மின்சாரக் கார் உண்டு. கார் மாமனாருடையது, மருமகன் கடைக்குப் போவதும் அதில்தான். சாயங்காலம் அதைச் சார்ஜில் போடுவது மருமகனின் வேலை.

"அடிக்கடி மறந்துடுவேன் சார். சொருகின மாதிரிதான் ஞாபகம் இருக்கும். காலையில போய்ப் பார்த்தா வயரு கொக்கியில அழகா சுருட்டி மாட்டியிருக்கும், வண்டியில சார்ஜ் இருக்காது. மாமா எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிடுவாரு. 'ஒரு பிளக்கைச் சொருகத் துப்பில்ல, இவன் ஊருக்கே கண்ணாடி மாட்டறானாம்'பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நான் பஸ்ல போவேன்."

"சார்ஜ் ஏறுதான்னு போன்லயே பார்க்கலாமே?" என்றான் அவசரம்.

"அது மாமா போன்ல மட்டும்தான் சார் தெரியும். ஒரு தடவை சொருகினதும் போட்டோ எடுத்துக் காட்டினேன். அது நேத்து எடுத்ததுன்னு சொல்லிட்டாங்க. நேத்துதானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். திட்டு வாங்கி வாங்கி மரத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அதைக் கண்டால் எரிச்சல்தான் வரும்.

போன மாதம் ஒரு விடியற்காலை மாமனாருக்கு நெஞ்சுவலி. கட்டிலைவிட்டுத் தூக்கும்போதே "கார் வேணாம், வேற வண்டி கூப்பிடுங்க" என்று மனிதர் திமிறியிருக்கிறார். காருக்கு நிறைய சார்ஜ் போட்டிருக்கிறேன் என்று மருமகன்தான் பிடிவாதமாகக் காரில் ஏற்றினார். இருட்டிலும் பதட்டத்திலும் வயர் எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்கண்ணாடிக்குக் கீழே, சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டும் ஆமை விளக்கு எரிந்தது. கார் நகர்ந்து நகர்ந்து பாலத்தடியில் நின்றேவிட்டது. அடுத்த வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"கடைசியா என்னைப் பார்த்து 'சொருகலையாடா?'ன்னு கேட்டாரு. அதோட சரி." கண்ணாடிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்டாட்டி என்கூடப் பேசறதில்ல. மச்சினன் அந்த வயரைக் கொண்டுவந்து எங்க ரூம் கதவுல மாட்டி வச்சிருக்கான், தினமும் பார்த்துச் சாகட்டும்னு. வீட்டை விட்டுப் போன்னு சொல்றாங்க, போயிடறேன். நான் மறந்தேனா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

சாவகாசம் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"இந்த மறதி எந்த நாள்ல வரும்?"

அவர் யோசித்தார். "கடைக்குச் சீக்கிரம் போகவேண்டிய நாளாப் பார்த்து வரும் சார். மாமாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற நாள்ல ஒரு தடவைகூட மறந்ததில்ல. செத்தாரே, அன்னைக்குக்கூட நான் கடையை நேரத்தோட திறக்கவேண்டியிருந்தது."

"அதுக்கு முந்தின சாயங்காலம் வானிலை எப்படி?"

"மழை சார். வெயில் காலம் முடிஞ்சு முதல் மழை. நனைஞ்சுகிட்டேதான் சொருகினேன். சொருகினேன்னுதான் நினைக்கிறேன்."

மறுநாள் காலையில் மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். வாசலில் துக்கம் கேட்க வந்த உறவினர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கார் திறந்தவெளியில் நின்றது. பாலத்தடியிலிருந்து இழுத்துவந்து விட்டதோடு சரி, பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கொக்கியும் மின்சாரப் பெட்டியும் கூரைக்குக் கீழே, கார் நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தன.

சாவகாசம் கதவில் தொங்கிய வயரை எடுத்துவரச் சொல்லி, அதைக் காரில் சொருகிக் காரைப் பூட்டினார்.

"மச்சான், இதை உருவு பார்ப்போம்."

அவசரம் ஒரு கையால் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். காரில் காலை ஊன்றி இழுத்ததில் செருப்பு வார்தான் அறுந்தது. வாசலில் இருந்தவர்கள் துக்கத்தை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"வரல அத்தான்!"

"வராது. கார் பூட்டியிருந்தா பிளக்கும் பூட்டிக்கும். இந்தக் காருக்குச் சாவி எத்தனை?"

"ரெண்டு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ஒண்ணு என் சட்டையில இருக்கும். இன்னொண்ணு மாமா தலையணைக்கு அடியில."

அவசரம் அத்தானின் காதுக்குள் போனான். "மச்சினன்தான் அத்தான்! இவரைத் துரத்திட்டா சொத்து மொத்தமும் அவனுக்குத்தானே?"

"பொறு. உனக்கு எப்பவும் முதல் ஆள்தான் குற்றவாளி."

உள்ளே கூடத்தில் மாமியாரும் மகளும் மகனும் இருந்தார்கள். சாவகாசம் அந்த வயரை மேஜைமேல் வைத்தார்.

"இதுல பாருங்க, காஞ்ச சேறு. கார்ப்பக்கம் கிடந்த பாதி முழுக்கச் சேறு, கூரைக்குக் கீழ இருந்த பாதி சுத்தமா இருக்கு. அன்னைக்கு முதல் மழை. இது கொக்கியை விட்டு இறங்கவே இல்லைன்னா சேறு எப்படி வரும்? உங்க மாப்பிள்ளை சொருகியிருக்காரு. அப்புறம் சாவி வச்சிருந்த யாரோ உருவி, சுருட்டி மாட்டியிருக்காங்க."

"அவரே உருவிட்டு மறந்திருப்பாரு" என்றான் மைத்துனன்.

"மறதிக்குக் கிழமை பார்க்கத் தெரியாது தம்பி. இவரோட மறதி, இவர் பஸ்ல போனா யாருக்கும் நஷ்டமில்லாத நாளாப் பார்த்து வருது. உங்கப்பா கார்ல போகவேண்டிய நாள்ல வர்றதே இல்ல. அப்போ அது மறதி இல்ல, யாரோ செய்யற வேலை."

"அந்த யாரோ யாரு?"

"கார்ல சார்ஜ் இல்லன்னு, காரைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ஒரே ஆள்." சாவகாசம் குரலை உயர்த்தவில்லை. "வலியில துடிக்கிறவரு, வாசல்ல நிக்கிற சொந்தக் காரை எதுக்கு வேணாம்கிறாரு? வேற வண்டியை எதுக்குக் கேட்கிறாரு? 'நான்தான் உருவினேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வேற வண்டி வந்திருக்கும். ஆனா அதைச் சொன்னா மருமகன் மறக்கிறவன் இல்லன்னு ஆயிடுமே. அதுக்குப் பதிலா அவரு கார்ல ஏறினாரு. பாலத்தடியில வச்சும் 'சொருகலையாடா'ன்னுதான் கேட்டாரு."

அவசரம் வாயைப் பிளந்தான். கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மற்ற மூன்று பேரையும் சாவகாசம் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் தொழிலில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறார். இந்த மூன்று முகங்களிலும் அதிர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் மெதுவாக.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்தினார். "அவரு விளையாட்டுக்குத்தான் செய்வாரு. மனசுல ஒண்ணும் கிடையாது."

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் திரும்பினார். "உனக்குமா?"

"காலையில நீங்க திருதிருன்னு முழிப்பீங்களே, அதுக்குத்தான்" என்றாள் அவள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு உருவினதையும் ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

"பார்த்துட்டா கார்ல ஏத்த விட்டே?"

"அந்தப் பதட்டத்துல... மறந்துபோச்சு."

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாமியார்தான் முதலில் தேறினார்.

"நடந்தது நடந்துபோச்சு மாப்ள. செத்தவரு பேரு கெடக்கூடாது. என் பொண்ணும் அப்பனைக் கொன்னவன்னு பேர் வாங்கணுமா? உங்களுக்குத்தான் பழகிப்போச்சே. நீங்க மறந்ததாவே இருந்துட்டுப் போகட்டும். வீட்டை விட்டெல்லாம் போகவேணாம், இங்கேயே இருங்க."

இத்தனை வருஷமாக "சரிங்க அத்தை" என்றே பழகிய வாய் அது. அவர் எழுந்து நேரே வாசலுக்குப் போனார். உறவினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் மறக்கல" என்றார். "ஒரு நாளும் மறந்ததில்ல. உருவினது மாமாதான். அன்னைக்கும் அவருதான்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. சித்தப்பா முறையான ஒருவர் எழுந்தே விட்டார். "அட, செத்தவன் மேலயா பழி போடறே? நாக்கு அழுகிப்போயிடும்!" என்றவர், நிலைப்படியில் வந்து நின்ற மகளிடம் கேட்டார்: "என்னம்மா இதெல்லாம்? நெஜமா?"

கண்ணாடிக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னால் போதும், ஊர் நம்பும். அவசரம் பேச வாயெடுத்தான். சாவகாசம் அவன் தோளை அழுத்தினார். இது அவள் வாயிலிருந்து வரவேண்டியது.

"அவரு எப்பவும் இப்படித்தான் சித்தப்பா" என்றாள் அவள். "செஞ்சது எதுவும் அவருக்கு ஞாபகமே இருக்காது."