அடியிலைகளின் சாட்சி

ஆர்டித் கோவல்சுக்கின் வீட்டில் அன்று காலை கண்டெடுக்கப்பட்டது பிணமல்ல, ஒரு வாளி நிறைய மஞ்சள் இலைகள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் பிணம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாடியறையில் விளக்கடியில் நான்கு கஞ்சாச் செடிகள். கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக்கு நான்கு வரை சட்டமே அனுமதிக்கிறது. பூ பிடித்து நான்காவது வாரம், இன்னும் ஒரு மாதத்தில் அறுவடை. அந்தப் பூவிலிருந்து இறக்கும் எண்ணெய் இல்லையென்றால், சக்கர நாற்காலியில் இருக்கும் அவள் கணவன் ஓரினுக்கு இரவில் கால் இழுப்பு அடங்காது. நாலு செடியிலும் அடியிலைகள் மளமளவென்று மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

குற்றவாளி யார் என்று ஆர்டித் அதற்குள் முடிவு கட்டிவிட்டாள். வேலை போய் இலையுதிர்காலத்தில் வந்து கீழ்த்தளத்தில் ஒண்டிக்கொண்ட ஓரினின் தம்பி க்ளெம்தான். செடி நாறுகிறது என்று வந்த நாளிலிருந்து முணுமுணுப்பவன். போதாக்குறைக்கு, ஒரு பெரிய உப்பு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் கீழே இறங்கியதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் பெட்டியைக் கட்டு என்று சொல்லியாயிற்று. வெளியே மைனஸ் இருபது குளிர்.

மனைவியிடம் பேசிப் பயனில்லை என்று கண்ட ஓரின், பக்கத்துத் தெரு நோரீன் பெட்ராஷுக்குப் போன் போட்டான். நோரீன் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவள். தடை இருந்த காலத்தில் கதவை உடைத்துக் கஞ்சாச் செடிகளை வேரோடு பிடுங்கியவள், இப்போது தன் வீட்டில் நான்கு வளர்க்கிறாள். காலம் செய்யும் கூத்து.

வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தேநீர் கேட்டாள். ஊற்றும்போது கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"புதுசா இது?"

"எட்டு வருஷப் பழசு. வந்த வேலையப் பாரு."

கோப்பையை நீட்டிய ஆர்டித்தின் விரல்களையும் நோரீன் பார்த்தாள். போன ஜனவரியில் அந்த விரல்களெல்லாம் வெடித்து, பிளாஸ்திரி சுற்றியிருந்தன. இந்த வருஷம் என்னவோ வெடிக்கவில்லை என்றாள் ஆர்டித், எரிச்சலோடு.

மாடியில் நோரீன் அவசரப்படவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள், லேசாக இருந்தது. ஆகவே நீர் தேங்கி வேர் அழுகவில்லை. லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் பார்த்தாள், பூச்சி இல்லை. ஒரு மஞ்சள் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். கை கழுவப் போனவள், சோப்பு வழுக்கல் போகவே மாட்டேன் என்கிறதே என்று நெடுநேரம் குழாயடியில் நின்றாள்.

கீழே வந்தபோது க்ளெம் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தான். அவனையும் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள் நோரீன். இலை மேசைக்கு வந்தது.

"உப்போ விஷமோ ஊத்தியிருந்தா நுனி முதல்ல கருகும், செடியே துவண்டு போகும். இங்க மேல எல்லாம் பச்சையாதான் இருக்கு. அடியில மட்டும் மஞ்சள். அதுலயும் பாரு, நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவுலதான் மஞ்சள். தழைச்சத்து குறைஞ்சிருந்தா நரம்பும் சேந்து வெளுத்திருக்கும். இது மக்னீசியப் பசி. பூவுக்குப் பத்தலன்னு செடியே கீழ் இலையில இருந்து உருவி மேல அனுப்புது."

வருஷா வருஷம் அதே உரத்தைத்தான் போடுவதாக ஆர்டித் சீறினாள்.

"உரம் அதேதான். தண்ணி?"

அந்த ஊர் சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரிலேயே மக்னீசியம் கரைந்து வருவதால், அங்கே செடி வளர்ப்பவர்கள் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. அதே தண்ணீர் கெட்டிலில் ஒரே மாதத்தில் வெள்ளைக் காரையாகப் படியும், சோப்பு வழுக்கல் அதில் நிற்காது, குளிர்காலத்தில் கையையும் வெடிக்க வைக்கும்.

"எட்டு வருஷக் கெட்டில்ல ஒரு பொட்டுக் காரை இல்ல. சோப்பு கழுவக் கழுவப் போகல. உன் கை வெடிக்கல. க்ளெம், அந்த உப்பு மூட்டை எதுக்கு?"

க்ளெம் அண்ணனைப் பார்த்தான்.

"வாயில கொழுக்கட்டையா?" என்றாள் ஆர்டித்.

"அவன விடு," என்றான் ஓரின். "நான்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

விஷயம் இதுதான். ஒவ்வொரு குளிர்காலமும் ஆர்டித் ரத்தம் கசியும் விரல்களோடு அவன் கால்களைப் பிடித்துவிடுவாள். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கலாம் என்றால், கல்லுத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு இது என்று எரிந்து விழுவாள். பார்க்கப் பொறுக்காமல் ஓரின் ரகசியமாக வரவழைத்தான். முழங்கால் வலிக்காரி கீழ்த்தளத்தின் செங்குத்துப் படிகளில் இறங்கமாட்டாள் என்ற தைரியத்தில், க்ளெம் அதைக் கணப்பு உலைக்குப் பின்னால் மாட்டி, உப்புப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அது கல்லின் சத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் மாடிக்கு அனுப்பியது. செடி பட்டினி கிடந்தது அண்ணன் தம்பி இருவருக்குமே தெரியாது.

"குற்றவாளி உன் புருஷன்தான்," என்றாள் நோரீன். "கைது பண்ண எனக்கு இப்ப அதிகாரம் இல்ல."

ஆர்டித் மச்சினன் பக்கம் திரும்பினாள். "பெட்டியக் கட்டச் சொன்னப்பவாவது அந்த மூட்டை எதுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மெஷினப் பிடுங்கிடுவீங்க அண்ணி. கை திரும்ப வெடிக்கும்."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவளுக்கே அப்போது உறைத்தது. வெட்கத்தில் காது வரை சிவந்துபோனாள்.

நோரீன் வைத்தியத்தையும் சொல்லிவிட்டாள். ஓரின் கால் ஊறவைக்கிற எப்சம் உப்பு மக்னீசியம்தான், குளியலறை அலமாரியில் பை பையாக இருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அதைத் தண்ணீரில் துளி கரைத்து ஊற்ற வேண்டும். மஞ்சளானது திரும்பாது, ஆனால் மேலே ஏறாது, பூ தப்பிக்கும். அதன் பிறகு இயந்திரத்துக்குப் போகாத பழைய கல்லுத் தண்ணீரையே விட வேண்டும்.

ஆர்டித் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கி வந்து க்ளெமின் மடியில் வைத்தாள்.

"மெஷின் இருக்கட்டும். செடிக்கு மட்டும் அதுல படாம தனிக் குழாய் ஒண்ணு மாடிக்கு இழுத்துக் குடு."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். பெட்டியத் தொறந்து ஸ்பானர எடு."