இரைச்சலுக்குப் போட்ட டிக்

தையல்காரம்மா பையைச் சர்வேயரின் மேஜைமேல் வைத்தபோது அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து வந்தது ஒரு ரிமோட் கார். பொம்மை என்று சொன்னால் அதற்கே ரோஷம் வரும். அவ்வளவு முரட்டு வண்டி.

"என் வீட்டுக்காரர் பீரோவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தார் சார். அவர் திடீர்னு போய் முப்பத்தஞ்சு நாளாச்சு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போ இது யாரு பிள்ளைக்கு?"

அதுதான் அவளை அரித்துத் தின்றது. புருஷன் போன துக்கத்தையாவது அழுது தீர்க்கலாம். இந்தச் சந்தேகத்தோடு எப்படி அழுவது?

சர்வேயர் காரைக் கையில் எடுத்தார். இன்சூரன்ஸில் முப்பது வருஷம், அடிபட்ட வண்டியைப் பார்த்தே யார் புளுகுகிறார்கள் என்று சொன்ன மனுஷர். அவசரம் என்பது அவர் அகராதியில் கிடையாது. அவர் பங்கு அவசரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டவர் அவருடைய மச்சான், பக்கத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர்.

"அத்தான், இது ரெடி-டு-ரன் வண்டி. பெட்டியைப் பிரிச்சா ஓட்ட வேண்டியதுதான்," என்றார் மச்சான். பிறகு அவர் காதோரம், "சந்தேகமே வேண்டாம், சின்ன வீடுதான்," என்றார். அது அவளுக்கும் நன்றாகவே கேட்டது.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு," என்றார் சர்வேயர். "அம்மா, வேற ஏதாவது இருந்ததா?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். வாங்குமுன் புருஷன் எழுதிய பட்டியல். நாலு கார்கள். முதல் கார்: 'வேகம் குறைவு', கோடு போட்டு அடித்திருந்தது. இரண்டாவது: 'பாகங்களை நாமே சேர்த்துப் பூட்ட வேண்டும், நமக்கு வராது', அதுவும் அடித்திருந்தது. மூன்றாவது: 'நல்ல வேகம். ஆனால் சத்தம் போதாது', அதற்கும் கோடு. நாலாவது: 'நல்ல வேகம். காது கிழியும் இரைச்சல்.' அதற்குப் பெரிய டிக்.

"சொந்தபந்தம் யாராவது?"

"ஒரே ஒரு அண்ணன். மர அறுவை மில் வச்சிருந்தான். என் கல்யாணத்தன்னிக்கு, 'இவனை என் வாயால மாப்பிள்ளைன்னு கூப்பிட மாட்டேன்'னு சொல்லிட்டு எழுந்து போனவன். பதினெட்டு வருஷமாப் பேச்சில்லை. அவன் வாசப்படியை மிதிச்சா என்னை மறந்துடுங்கன்னு இவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சர்வேயர் காரைத் தலைகீழாக்கி அச்சைச் சுரண்டினார். கிரீஸோடு சேர்ந்து மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மோந்து பார்த்தார். பிறகு காரை அவள் பக்கம் தள்ளினார்.

"அம்மா, முதல்ல ஒண்ணு. இது குழந்தைக்கு வாங்கினது இல்லை. ரிமோட்ல வேகத்தைக் குறைக்கிற சுவிட்ச் இருக்கு. அதை முழு வேகத்துல வச்சு டேப் ஒட்டியிருக்கார். குழந்தைக்குன்னா எந்த மனுஷனும் அப்படிச் செய்ய மாட்டான்."

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"வலப்பக்க டயர் ரெண்டும் வழுக்கை, இடப்பக்கம் புதுசு. வண்டி எப்பவும் இடப்பக்கமாவே வட்டம் அடிச்சிருக்கு. ஒருத்தரை நடுவுல வச்சுச் சுத்தியிருக்கார். கூரையைப் பாருங்க, வெள்ளைக் கீறல், சிவப்புக் கீறல்."

"சுவத்துல இடிச்சிருக்கும்," என்றார் மச்சான்.

"சுவத்துல இடிச்சா மூக்கு நசுங்கும். மேலேருந்து குச்சியால அடிச்சிருக்காங்க. வெள்ளைக் குச்சி, நுனி சிவப்பு. அப்படிப்பட்ட குச்சி யார் கையில இருக்கும்?"

மச்சான் குனிந்து கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"கண் தெரியாதவர். அதான் இரைச்சல் வேணும். சத்தத்தை வச்சுக் குச்சியால வண்டியைப் பிடிக்கிற விளையாட்டு. முழு வேகத்துல ஓட்டியிருக்கார், பரிதாபம் காட்டலை. இதுல உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ஆளைத்தான் மறைச்சிருக்கார். அச்சுல ஒட்டியிருக்கிறது மரத்தூள்."

தையல்காரம்மா மேஜையில் உதிர்ந்திருந்த மஞ்சள் தூளை விரலில் தொட்டெடுத்தாள். "அண்ணனுக்கா கண்ணு போயிடுச்சு?" என்றாள். "இவர் செத்தது அவனுக்குத் தெரியாதே!"

மச்சான் காரின் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு ஆண்கள் இருவரும் மில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் உள்ளே போனாள். அறுவை இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது. முற்றத்தின் நடுவில் அண்ணன், மடியில் வெள்ளைக் குச்சி. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. எப்படிக் கிழவனாகிப் போயிருந்தான்!

கூப்பிடத்தான் நினைத்தாள். பதினெட்டு வருஷம் கழித்து என்னவென்று கூப்பிடுவது? காரைக் கீழே வைத்து ரிமோட்டின் விசையை அழுத்தினாள். அது வீலென்று அலறிக்கொண்டு போய் மரக்கட்டையில் முட்டி நின்றது.

அண்ணன் துள்ளி எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை! ஒரு மாசமா காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என்மேல ஏதும் கோபமோன்னு பயந்தே போயிட்டேன். என்ன இது, ஓட்டவே மறந்து போச்சா?"

'மாப்பிள்ளை' என்ற அந்த வார்த்தையைக் கேட்க அவர் இல்லையே என்று நினைத்தாள். இல்லை, அவர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்காமல் போனது அவள்தான்.

"அண்ணே," என்றாள். "அவர் இல்லைண்ணே. போயிட்டார். நான்தான் வந்திருக்கேன்."

குச்சி அந்தரத்தில் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவன் கையை நீட்டி, காற்றில் துழாவி, பக்கத்து நாற்காலியைக் கண்டுபிடித்து அதன்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தான்.

"மாப்பிள்ளை உட்கார்ற நாற்காலிம்மா," என்றான். "உட்காரு."