கீபோர்டைத் தட்டியது யார்?

க்ரைம் கதை என்றால் ஓர் அலறலோடு ஆரம்பிக்க வேண்டும். லீமாவுக்கும் அலறத்தான் ஆசை.

தொண்டை ஒத்துழைக்கவில்லை!

அவள் எதிரே கம்ப்யூட்டர். திரையில் பாதி எழுதிய ஈமெயில். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. கீபோர்டை அவள் தொடவே இல்லை.

ஆனாலும் திரையில் எழுத்துகள் ஓடின... இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்!

'மீன் குழம்புல கலக்கியாச்சு.'

கர்சர் நின்று கண் சிமிட்டியது. மறுபடி ஓடியது.

'மத்தியானம் சாப்பிடுவா. பிறகு எழும்ப மாட்டா.'

"எனக்க மாதாவே..."

அடுக்களையில் நெத்திலிக் குழம்பு மூடி வைத்திருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அவள் சோறு போட்டு உட்கார்ந்திருப்பாள்.

பேயா?

டக்... டக்... டக்...

சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஒவ்வொரு டக்குக்கும் திரையில் ஓர் எழுத்து!

இங்கே கொஞ்சம் குடும்ப விவரம். இரணியலில் அப்பன் கட்டிய ஒரே வீட்டை, நடுவில் மெல்லிய சுவர் எழுப்பிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் அண்ணன் சிலுவைதாசனும் தம்பி ஆன்றோவும். ஆன்றோவுக்கு ஷார்ஜாவில் வேலை. லீமா அவன் மனைவி. அவன் லீவில் வரும்போது எதைக் கொண்டு வந்தாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே போல கொண்டு வர வேண்டும். தைலம் என்றால் அதே தைலம். கம்பளி என்றால் அதே பூ. ஒரு பூ மாறினாலும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது!

இந்த 2007 லீவுக்கு வந்தபோது அவன் கொண்டு வந்தது இரண்டு வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் செட். பேர் தெரியாத கம்பெனி. ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே அலைவரிசை. அண்ணன் வீட்டில் தட்டினால் தம்பி வீட்டு ரிசீவரும் கேட்டுக்கொள்ளும்.

அலைவரிசையெல்லாம் லீமாவுக்குத் தெரியாது. டக் டக் போதுமாக இருந்தது.

"பாதி வீடு பத்தலியா உனக்கு, பாவி!"

அண்ணன் மனைவி மயிலாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருப்பது சிலுவைதாசன்தான். லீமா செல்போனை எடுத்தாள். காலையில் தக்கலைக்குப் போன புருஷனுக்கு அடித்தாள்.

ரிங் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிரித்தது!

அது ஆன்றோவின் ரிங்டோன்...

திரையில் எழுத்து ஓடியது.

'ஒரு நிமிஷம். அவதான் விளிக்கா.'

அப்படியானால் கீபோர்டைத் தட்டுவது ஆன்றோதான்!

"என்னட்டி?" ஒரு காதில் போனிலும் மறு காதில் சுவரிலுமாக ஆன்றோவின் குரல். "நான் தக்கலையில நிக்கேன். சாப்பிட்டியா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"சாப்பிட்டேன்... தலை சுத்துகு."

"பித்தமா இருக்கும். செத்த நேரம் கெட. நான் அரை மணிக்கூருல வாறேன்."

போன் கட் ஆனது.

'சாப்பிட்டுட்டா!' என்றது திரை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அணைகிற இசை கேட்டது. லீமா ஈமெயிலில் தான் எழுதியிருந்த வரிகளை மட்டும் அழித்தாள். அவன் தட்டியவற்றை அப்படியே விட்டாள். பின்வாசல் வழியாகத் தென்னைமரத்தடி வரை ஓடி, போலீசுக்கு அடித்தாள்.

அரை மணி நேரம் கழித்து...

"எனக்க லீமா! என்ன விட்டுட்டுப் போயிட்டியே மக்கா!"

வாசல்படியிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டான் ஆன்றோ. உள்ளே லீமா தரையில் கிடந்தாள்.

"உள்ள வராமலே எப்படிடே தெரிஞ்சுது?"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தார் இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கம். பின்னால் கான்ஸ்டபிள் நேசபாய், குழம்புச் சட்டியோடு!

பிணம் எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்தது.

"சார்... நான் தக்கலையிலேருந்து இப்பத்தான்..."

"அங்க பாரு." இன்ஸ்பெக்டர் திரையைக் காட்டினார். "அண்ணன் வீட்டுல இருந்து நீ எவனோ கூட்டாளிக்கு அடிச்சது முழுக்க உனக்க பொண்டாட்டிக்கு வந்திருக்கு. கொலகாரன் கையால வாக்குமூலம் அடிச்சுத் தந்து நான் இப்பத்தான் பாக்கேன்!"

ஆன்றோ வாசித்தான். முகம் வெளுத்தது.

பிறகு... சிரித்தான்!

"சார், அண்ணனும் கல்யாணத்துக்குப் போயாச்சு. சாவி என்கிட்ட இருக்கு. ஒருக்கா அடுத்த வீட்டுக்கு வாங்க."

"என்னத்துக்கு?"

"எனக்கு எப்படி இந்தப் புத்தி வந்துதுன்னு பாக்காண்டாமா?"

லீமா சட்டென்று முடியை முடிவதை நிறுத்தினாள்.

அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன்றோ திறந்தான். ஒரு ஃபைல். நேசபாய் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"'ஆன்ட்ரூஸ், அவனுக்க பிரஷர் மாத்திரைய மாத்தி வச்சாச்சு. லீவு முடியதுக்குள்ள ஆளு முடிஞ்சிருவான். பிறகு நம்ம ரெண்டுபேரும்...' ஐயே! மீதிய நான் வாசிக்க மாட்டேன் சார்!"

"போன வாரம் அண்ணனுக்கு கீபோர்டு செட் பண்ணும்போ தானா ஓடிச்சு சார்," என்றான் ஆன்றோ. "அவ அங்க அடிச்சது. அப்படியே சேமிச்சு வச்சேன். அதுக்குப் பிறகு ஒரு மாத்திரை நான் தின்னல்ல."

எல்லோரும் லீமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள்.

"மாத்திர டப்பாவையும் எடு, நேசபாய்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏம்டே, இத அப்பவே ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்திருந்தா அவளும் அந்த ஆன்ட்ரூஸும் மட்டும்தானே உள்ள போயிருப்பாவ?"

"நாணக்கேடு இல்லியா சார்? பொண்டாட்டி இப்படின்னு ஊருல தெரிஞ்சா நான் எப்படி நாலுபேரு முகத்தில முழிப்பேன்?"

"அவளக் கொன்னா நாணக்கேடு இல்ல!"

ஆன்றோ தலையைச் சொறிந்தான்.

"சரி, அவ அடிச்சது இங்க வந்துதுன்னா, நீ அடிக்கது அங்க போவும்னு யோசிக்கண்டாமா? கீபோர்டுக்க அடியில சேனல் மாத்துக பட்டன் இருக்குல்லா?"

"மாத்தினா அவ என்ன அடிக்கான்னு எனக்குத் தெரியாம போவுமே சார்! பின்ன, இந்நேரம் அவ கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டா. சீரியல் பாத்துட்டு இருப்பா!"

"இன்னைக்கு கேபிள் வரல்ல," என்று முணுமுணுத்தாள் லீமா.

"ஓ!" ஆன்றோவுக்கு அப்போதுதான் உண்மையிலேயே வருத்தம் வந்தது. "நீ எனக்க உயிர எடுக்கப் பாத்தியேட்டி..."

"நீங்க மட்டும் என்னவாம்? நெத்திலின்னா எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு தெரிஞ்சு, அதுல போயி கலக்கியிருக்கீங்களே!"

முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. நேசபாய் கைவிலங்கோடு தயங்கினாள்.

"சார்... ஆளு ரெண்டு. விலங்கு ஒண்ணுதான் கொண்டு வந்தோம்."

இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கம் தொப்பியைச் சரிசெய்தார்.

"அது போதும். ரெண்டுபேரு கையையும் சேத்து மாட்டு. கல்யாணம் கழிஞ்சு எட்டு வருசத்துல புருசனும் பொண்டாட்டியும் இன்னைக்குத்தான் கை கோத்து வெளிய போறாவ!"